நடு பெஞ்சில் கேட்காத குரல்

அம்ப்ளிஃபயரின் மூடியைத் திறப்பதற்கு முன் மீரா உசேன் தன்னை ஒருமுறை திட்டிக்கொள்வார். "இதைப் போய் எங்கிட்ட குடுத்திருக்கீங்க பாருங்க, உங்க தைரியத்தைச் சொல்லணும்" என்பது வழக்கமான முதல் வரி. வந்தவர் சிரித்துவிட்டால் திருப்புளி உடனே சுழலத் தொடங்கும். சிரிக்காதவரின் பெட்டி ஓரமாகப் போய் உட்காரும்.

முத்துப்பேட்டையில் அவர் கடையின் பலகையில் 'கல்ஃப் சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறது. கல்ஃப் பொய்யில்லை. ஷார்ஜாவில் பணக்காரர்களின் படகுகளைப் பல வருடம் துடைத்திருக்கிறார். அங்கே படகுகளில் ஸ்பீக்கர் பொருத்தியவன் ஒரு பிலிப்பைன்ஸ்காரன். அவனுக்கு ஏணி பிடித்தவர் இவர். "ஏணி புடிச்சே டிப்ளமா வாங்குன ஒரே ஆளு நாந்தாங்க" என்று அவரே சொல்வார். அடுத்தவர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அதற்குமேல் யாரும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

ஒயரைப் பல்லால்தான் உரிப்பார். முன்பல் ஒன்றில் ஒயர் பருமனுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. எதில் பிளஸ், எதில் மைனஸ் என்பதை அவர் நிறத்தை வைத்துப் பார்ப்பதில்லை. உப்புக்காற்று எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி வெளுக்க வைத்துவிடுகிறது. அதனால் அவருக்கு ஒரே சட்டம்: வலக்கைப் பக்கத்து ஆணி பிளஸ். "சோறு திங்கிற கை. அது மறக்காதுல்ல" என்பார்.

சென்ற மாதம் செல்லதுரையின் வேலை வந்தது. அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் படகு அவருடையது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, இது தில்லை மரம், அது நீர்க்காகம் என்று விளக்கியதில் அவர் தொண்டை கட்டிப்போனது. பேச்சைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது உசேன். படகுக்கு மேலே வளைவாக நிற்கும் குழாயில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பெட்டிகளைக் கட்டினார்.

பேசியது உசேனின் மனைவி ஜஸீலா. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும் கணவரைச் சாப்பிடக் கூப்பிடவும் மட்டுமே பயன்பட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் புகுந்து, வியர்க்க வியர்க்கச் செல்போனில் பேசினார். அந்த வாரம் முழுக்க ரசம் கொதிக்கும்போதும் "அலையாத்திக் காட்டுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. உசேன் அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

படகில் போட்டபோது அந்தக் குரல் கிணற்றடியிலிருந்து வந்தது. நடு பெஞ்சில் இருந்த செல்லதுரை காதோரம் கையைக் குவித்துக்கொண்டார்.

"பாய், இவங்க பேசுறாங்களா, மூச்சு விடுறாங்களா?"

உசேன் பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினார். தடித்த ஒயர் போட்டார். அம்ப்ளிஃபயரை மாற்றினார். இடப்பக்கப் பெட்டியில் காதை வைத்தால் கணீரென்று இருக்கிறது, வலப்பக்கத்திலும் அப்படியே. நடுவில் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஆளைக் காணோம். மண்டை குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தவர், "மிசின்ல ஒண்ணுமில்ல. உன் குரலுதான் கொஞ்சம் மெலிசு புள்ள" என்றார். நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்கிற மனிதர், திட்டிக்கொள்ள வேண்டிய அன்றைக்குப் பார்த்து விட்டுவிட்டார்.

ஜஸீலா சண்டைக்கு வரவில்லை. "அப்ப வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்க" என்று தட்டை வைத்தார். சமையல்கட்டில் வரவேற்பு நின்றது. செல்லதுரை, கல்யாண மேடைகளில் மைக் பிடிக்கும் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து பதிந்து தரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை உசேன் தனியாகப் படகுக்குப் போனார். பேச்சை ஓடவிட்டு, நடு பெஞ்சின் மேல் ஏறி நின்று, எதற்கும் பார்ப்போம் என்று வலப்பக்கப் பெட்டியின் ஒயரை உருவினார். சத்தம் கூடியது. திரும்பச் சொருகினார். குறைந்தது. வண்டியில் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் வேகம் கூடுமா? அந்த மாட்டைப் பின்பக்கம் பார்க்கக் கட்டியிருந்தால் கூடும்.

அதைத்தான் அவர் செய்திருந்தார். இடப்பக்கப் பெட்டிக்கு ஒயர் கொடுத்தபோது படகின் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் வெயில் அடித்ததால், வலப்பக்கப் பெட்டிக்குப் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆள் திரும்பியதும் வலக்கையும் பக்கம் மாறி, பிளஸ் ஒயர் மைனஸ் ஆணியில் ஏறிவிட்டது. ஒரு பெட்டி காற்றைத் தள்ள, மற்றொன்று அதே நேரத்தில் இழுக்க, நடுவில் இருப்பவரிடம் வருவதற்குள் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. உசேன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.

ஒயரை அவர் சரிசெய்யவில்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "வரமாட்டேன்" என்ற ஜஸீலாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து நடு பெஞ்சில் உட்கார வைத்தார். செல்லதுரை படகை எடுத்தார். காட்டோரம் போனதும் உசேன் பேச்சை முதலில் பழையபடியே போட்டார். ஜஸீலா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் பார்க்கும்படி வலப்பக்கப் பெட்டியின் இரண்டு ஒயரையும் உசேன் கழற்றி இடம் மாற்றினார்.

"அலையாத்திக் காட்டுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்!"

எஞ்சினையும் மீறிக் குரல் தண்ணீரின் மேல் பரவியது. செல்லதுரை சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஆத்தாடி, நம்ம அக்காவா இது?" என்றவர், அங்கிருந்தே திருத்துறைப்பூண்டிக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

"ஏணி புடிச்சவன்கிட்ட..." என்று உசேன் வழக்கம்போல் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். வேடிக்கை வாயில் வரவில்லை.

"உன் குரல்ல ஒரு கொறையும் இல்ல புள்ள. நாந்தான் ஒயரை மாத்திக் குடுத்தேன். குடுத்துட்டு உன் மேல பழியப் போட்டேன்."

ஜஸீலா கரையோர மரங்களிலிருந்து கொக்குகள் கலைந்து எழுந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துவந்து, கணவரின் கைக்கு மேலாகக் கையை நீட்டி, அம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி, தன் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்.