தராமல் திரும்பிய குளிசை: நெடுந்தீவு, 1983, 1987

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது, அங்கே காட்டில் திரியும் குதிரைகளை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று இந்த இணையப் பக்கத்துக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். குதிரைகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. நான் அங்கே போனது இரண்டே தடவைகள்: 1983 யூலை முதல் கிழமையில் ஒன்று, 1987 ஓகஸ்ட் கடைசியில் ஒன்று. இரண்டும் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிய பயணங்கள். ஊர் பார்க்கப் போனவையும் அல்ல. வழி நன்றாக நினைவிருக்கிறது. அங்கே நான் செய்யாமல் விட்டது அதைவிட நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. இரத்தம், சளி, மலம் என்று வருவதையெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிக் கொடுப்பேன். எங்களுக்கு மாதிரிகள் அனுப்பும் குழந்தை வைத்தியர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முட்டு வருத்தத்தோடு, அதாவது மூச்சிழுப்போடு, அவரிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பட்டணத்துப் பிள்ளைகள். தீவுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி இருக்கும், இரத்தம் குறைவாக இருக்கும். ஆனால் இழுப்பும் தோலில் கரப்பனும் அரிது. சிறு வயதிலேயே குடலில் குடியேறும் புழு, தன்னைத் துரத்திவிடாமல் இருக்க உடம்பின் எதிர்ப்பைத் தணித்து வைக்கிறதோ, அந்தத் தணிவால்தான் தூசிக்கும் புகைக்கும் உடம்பு சீறாமல் இருக்கிறதோ என்று அவர் யோசித்தார்.

பார்த்துவிட்டு வர என்னை அனுப்பினார். “முதல் முறை போய்ப் பிள்ளையளின்ரை மலத்தைச் சேகரியும். தாய்மாரைக் கேட்டு எழுதும். ஆறு கிழமை கழிச்சு இன்னொரு முறை சேகரிச்ச பிறகு பூச்சிக் குளிசை குடும். இடையிலை குடுத்தால் எல்லாம் குழம்பிப்போகும்” என்றார். ஒன்றரை மாதம் கழித்து வரும் இரண்டாம் தடவைக்கென்று வாங்கிய குளிசைப் பெட்டியை, அந்தப் பூச்சி மாத்திரைகளை, ஏனோ முதல் தடவையே பையில் போட்டுக்கொண்டு போனேன்.

யாழ்ப்பாணத்தில் பஸ் காலை 6.10க்கு. பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 7.40க்குப் போய்ச் சேர்ந்தது. நாலு ரூபாய். எட்டு மணிப் படகு. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக அடித்ததால் ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, நகத்தால் கீறி மணக்கத் தந்தார். (யூலையில் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டைப் பாதியோடு நிறுத்துங்கள்.) நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கி, வாடகைச் சைக்கிளில் இரண்டு மைல். இரண்டு பக்கமும் பவளப்பாறையில் எடுத்த முருகைக்கல் அடுக்கிய வேலிகள். அதற்கப்பால் பனை. நிழலே இல்லாத வழி.

அன்று மலம் எடுக்கும் சிறு போத்தில்களோடு பதினொரு வீடுகளுக்குப் போனேன். கடைசி வீடு தவமணி அக்காவினுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவர் தெற்கே ஒரு கடையில் வேலை. மகள் வாசுகிக்கு மூன்றரை வயது. நான் தாயிடம் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை வேலிக் கற்களின் இடுக்கிலிருந்து மண்ணைச் சுரண்டி வாயில் போட்டது. கையெல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. கீழ்க் கண்மடலை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

“மண் தின்னுறாள், தங்கச்சி. அடிச்சும் பாத்திட்டன், நிற்பாட்டேலாமல் கிடக்கு. உம்மிட்டைப் பூச்சிக்குக் குளிசை இருக்கோ?”

“இருக்கு அக்கா. இப்ப குடுக்கேலாது. ஆறு கிழமையாலை வருவன், அப்ப தருவன்.”

“இப்ப ஒண்டைத் தந்தால் என்ன?”

“டொக்டர் சொன்னவர்” என்றேன்.

“கட்டாயம் வருவீரோ?”

“ஓம், கட்டாயம்.”

கொப்பியில் எழுதினேன்: வாசுகி, மூன்றரை வயது. முட்டு இல்லை. கரப்பன் இல்லை. எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளை டொக்டரின் யோசனைக்கு அப்படியே பொருந்தியது. இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வாசுகியின் மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கொளுக்கிப் புழுவின் முட்டைகள். குடல் சுவரைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு அது. அன்றே குளிசையைக் கடித உறையில் போட்டுப் படகில் அனுப்பியிருக்கலாம். ஆறு கிழமை என்று இருந்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் இனக் கலவரம் வந்தது. கொழும்பில் இருந்த வீடு எரிந்ததோடு டொக்டர் நாட்டைவிட்டே போய்விட்டார். அவர் போனபின் அந்தக் கொப்பியை யாரும் கேட்கவில்லை. நானும் போகவில்லை. போர்தான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. அந்த ஓகஸ்டில் படகு ஓடியது, செப்டெம்பரிலும் ஓடியது. எனக்குப் பயமாக இருந்தது, பிறகு கலியாணப் பேச்சு வந்தது, பிறகு போகாமல் இருப்பதே பழகிவிட்டது. கடலில் போவது உண்மையிலேயே ஆபத்தாக மாறியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

1987 ஓகஸ்டில், இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பிறகு கிடைத்த சிறு அமைதியில், போனேன். இந்த முறை மினிபஸ். சோதனைச் சாவடிகளால் அதே தூரத்துக்கு இரண்டே கால் மணி நேரம். மாவிலித்துறையிலிருந்து தோளில் பையோடு நடந்தே போனேன்.

தவமணி அக்கா முற்றத்தில் பனையோலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“போத்தில் கொண்டுவந்த பிள்ளையெல்லோ நீர்? ஆறு கிழமை எண்டு சொன்னனீர்.”

கோபமாகச் சொல்லவில்லை. கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார். பிறகுதான் பேசினார். “உம்மைப் பாத்துக்கொண்டு இருந்தனான். குளிசை தருவினம் எண்டு பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி வைச்சனான். எண்பத்தஞ்சிலைதான் மருத்துவிச்சி அக்கா தந்தவ. அதுக்கிடையிலை இவளுக்கு நாலடி நடந்தாலே களைக்கத் துவங்கிட்டுது. பள்ளிக்கூடத்திலை சேர்க்க ரெண்டு வருசம் பிந்திப்போச்சு.”

ஏழரை வயது வாசுகி வாசலில் நின்றாள். ஐந்து வயது என்றால் நம்பலாம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தம்பி சீலன், மூன்றரை வயது. நன்றாக வளர்ந்த பிள்ளை. முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து புண். மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம்.

“இவனுக்கு ஒரு வயசு தாண்டினவுடனையே மருத்துவிச்சி அக்காவைக் கேட்டுக் கேட்டுக் குளிசை குடுத்தனான். செருப்பில்லாமல் முற்றத்திலை இறக்கேல்லை. இவனுக்குப் பூச்சி இல்லை, முட்டு இருக்கு. அவளுக்கு ஒருநாளும் இழுத்ததில்லை.” அவர் என்னை நேரே பார்த்தார். “நீர் படிச்சனீர். ரெண்டு பேரிலை ஆருக்கு நான் சரியாச் செய்தனான்?”

நாங்கள் அந்தத் தீவுக்குக் கொண்டுபோன அதே கேள்வி. அதை அவர் தன் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“தெரியாது அக்கா. புழு சில பிள்ளையளுக்கு முட்டு வராமல் தடுக்குதோ எண்டு அந்த டொக்டர் நினைச்சவர். அப்பிடித் தடுத்தாலும் அது சும்மா தடுக்கேல்லை, இரத்தத்தைக் குடிச்சுக்கொண்டெல்லோ இருந்தது. இவனுக்குக் குளிசை குடுத்ததாலைதான் முட்டு வந்தது எண்டும் சொல்லேலாது. குடுத்தது பிழையில்லை. அவளுக்குக் குடுக்காமல் விட்டதுதான் பிழை. அது என்ரை பிழை.”

இன்று தேடி வாசித்தாலும் ஒரே விடை இல்லை. எந்தப் புழு, எந்த வயதில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் தாக்கம் தொடங்கியதா என்பதையெல்லாம் பொறுத்து மாறுகிறதாம். சில புழுக்கள் இழுப்பைக் கூட்டுவதும் உண்டாம். எதிர்ப்பைத் தணிக்கும்போது தடுப்பூசியின் பலனும் குறையலாமாம். ஆனால் வாசுகிக்குக் குளிசை கொடுக்க இவற்றில் ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்மடல் வெள்ளையாக இருந்தது தெரிந்ததே போதும்.

திரும்பும் படகு அப்போது இரண்டரைக்கு. இப்போது போகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே துறையில் கேட்டு வையுங்கள். காற்று மாறினால் அதுவும் மாறும். தண்ணீர் கொண்டுபோங்கள், பல கிணறுகள் உவர். காலில் செருப்பு இருக்கட்டும். வைத்தியமோ படிப்போ காரணமாகப் போகிறவர்கள், கையில் மருந்து இருந்தால் முதல் நாளே கொடுத்துவிட்டு மற்றதைக் கேளுங்கள். திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள்.

புறப்படும்போது தவமணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஓலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கேன் சொல்லுறீர்? அவளிட்டைச் சொல்லும்.”

முற்றத்தில் குந்தி வாசுகியின் உயரத்துக்கு வந்தேன். “வாசுகி, நீர் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை உமக்குத் தரவேண்டிய குளிசையை நான் தராமல் போனனான்” என்றேன்.

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள்.

“கசக்குமோ?” என்று கேட்டுவிட்டு, கையை நீட்டினாள்.