முன்நெற்றி வெள்ளை

டைல்ஸ்காரருக்குப் பிறக்கும்போதே முன்நெற்றியில் ஒரு கொத்து முடி வெள்ளை. வயிற்றிலும் முழங்கால்களிலும் தோல் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "கொக்கு, கொக்கு" என்று விரட்டியதில் நொந்துபோன அம்மா, மகன் தலைக்கு மை பூச ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் அதை விடவில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு சொட்டு வழியாமல் பூசுவார். தரையில் இம்மி கோணல் இருந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிற மனுஷன் இல்லையா!

தோல் திட்டுகளைப் பற்றி மனைவி கேட்டதற்கு, "சின்ன வயசுல வெந்நீர் கொட்டிருச்சு" என்று முடித்துவிட்டார். முடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். கருகருவென்ற தலையில், நெற்றிக்கு மேலே மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து.

"எங்க வழியில யாருக்கும் இப்படிக் கிடையாதே!" என்று மாமியார் நெஞ்சில் கைவைத்தாள்.

"குழந்தை நல்லாத்தான் இருக்கும்மா. இது பரம்பரையா வர்றது. யாருக்காவது இருக்கும்," என்றாள் நர்ஸ்.

எல்லார் கண்ணும் அவர் தலைக்குப் போனது. அதுவோ அட்டைக் கறுப்பு. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே மனைவியின் கட்டிலுக்குப் போனார்.

"எனக்கும் இருக்கு. மை பூசிக்கிறேன்," என்றார்.

அவள் அத்தனை சோர்விலும் சிரித்துவிட்டாள். "தலையணை உறையைத் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

"தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?"

"கதவைத் தாழ் போட்டுக்கிட்டு அவ்வளவு பாடுபடறீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன். வெந்நீர் கதையும்தான். ரெண்டு முட்டியிலயும் ஒரே மாதிரி கொட்ட, அளந்தா ஊத்துனாங்க?"

அன்றோடு மை டப்பா குப்பைக்குப் போனது. வெள்ளை மெல்ல மெல்ல வளர்ந்து வந்தபோது அவருக்குக் கண்ணாடி பார்க்கவே கூச்சமாக இருந்தது. வேலையிடத்தில் மேஸ்திரி விடவில்லை.

"என்னப்பா, பிள்ளை அழுத அழுகையில நரைச்சிருச்சா?"

"இல்ல மேஸ்திரி, என் பொண்ணு மாதிரி வேணும்னு வச்சிருக்கேன்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் போனால், பார்க்கிறவர்கள் திரும்பி இன்னொரு தரம் பார்ப்பார்கள். அவரும் நின்று காட்டிவிட்டுத்தான் போவார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தம்பி பிறந்தான். அவனுக்குத் தலை முழுக்கக் கறுப்பு. முழங்காலிலும் ஒன்றுமில்லை. அவள் துணியை விலக்கி விலக்கித் தேடிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"இவனுக்கு எதுவுமே வரலப்பா. பெரியவனானா வருமா?"

"வராதும்மா."

அவள் தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "பாவம்ப்பா. பரவால்ல, நாம நல்லாப் பாத்துக்கலாம்."