வெறும் குப்பியில் எழுந்த முகடு

இது நான் கட்டிச் சொல்லும் கதையல்ல. எங்கள் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அண்ணி ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். சீன வைத்தியத்தில் நெஞ்சு நோவுக்குக் கொடுக்கும் ஒரு சிவப்பு வேரில் என்னென்ன சத்து, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. அண்ணனின் இதயம் பழுதாகி டாக்டர்கள் கையை விரித்த பிறகு, அதே வேரை வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அண்ணனுக்குக் கசப்பு ஆகவே ஆகாது. அண்ணியின் முகத்துக்காகக் குடித்தார். மடக் மடக்கென்று விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவார்.

ஆனாலும் போய்விட்டார்.

அண்ணி வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். மதியம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணிக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்குவதில்லையே. வேர்ச்சாற்றைப் போடுமுன், சத்துகளைப் பிரித்துக் காட்டும் கருவி சுத்தமா என்று பார்க்க, ஒரு புதுக் குப்பியில் சாற்றைக் கரைக்கும் மெத்தனாலை மட்டும் ஊற்றி ஓடவிட்டார். ஏதாவது சத்து இருந்தால் திரையில் கோடு முகடாக எழும். இதில் வேறெதுவும் கிடையாது. திரையில் கோடு தட்டையாகப் போக வேண்டும்.

போனது.

அப்போது ஒரு வாசனை... வேர் கொதிக்கும் வாசனை. அந்த அறையில் அடுப்பே இல்லை.

முதுகுக்குப் பின்னால் சத்தம்.

மடக்... மடக்...

அண்ணி திரும்பவில்லை. திரையில் கோடு மெல்ல நிமிர்ந்தது. ஒரு முகடு.

வேறு குப்பி எடுத்து, அதிலும் வெறும் மெத்தனாலையே ஊற்றினார். மறுபடி ஓடவிட்டார்.

மடக்... மடக்...

முகடு இன்னும் உயரமாக எழுந்தது.

காதோரம் ஒரு குரல். பாதி மூச்சு.

"கசக்குதும்மா..."

வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாய்தான்... குடிச்சிருங்க."

பிறகு சத்தமில்லை. திரும்பினார்.

யாருமில்லை.

இரண்டாவது குப்பியை, விவரம் சொல்லாமல், வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அங்கிருந்த நிபுணர் போன் செய்தார். அந்த முகடு காட்டுவது வேரில் அப்படியே இருக்கும் சத்து அல்லவாம். அந்தச் சத்து ஒருவர் வயிற்றுக்குள் போய், ஈரல் அதை மாற்றிய பிறகு ரத்தத்தில் சேரும் பொருளாம். யாருக்கு எடுத்த ரத்தம் என்று கேட்டார்.

வீட்டுக்காரருக்கு என்று மட்டும் சொன்னார் அண்ணி. அண்ணனைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அப்ப நல்ல சேதிதாங்க," என்றார் அவர். "இப்பதான் உடம்பு மருந்த ஏத்துக்க ஆரம்பிச்சிருக்கு. நிறுத்திடாதீங்க."