ஏழு பர்லாங்குக் கல்

தீர்த்தகிரியின் அப்பா நாற்பத்தெட்டு வயதில், ஓர் ஆடி மாதம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அண்ணனும் அதே நாற்பத்தெட்டில், இன்னொரு வருடத்து ஆடியில். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தீர்த்தகிரிக்கு நாற்பத்தேழு. தொப்பூரில் நெய் வியாபாரம். எருமைக்காரிகளிடம் வாங்கி டின்னில் அடைத்து, வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் கணவாய் ஏறித் தர்மபுரிக்குக் கொண்டுபோவார்.

நெய்யைச் சோதிக்க ஒரு முறை உண்டு. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். மோந்தாலே போதும். தீர்த்தகிரி அதோடு விடமாட்டார், நக்கியும் பார்ப்பார். நாளைக்கு முப்பது சட்டி, முப்பது நக்கு. அவர் வருவதற்கு முன்னால் அவர் வயிறு வந்து சேர்ந்தது.

பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியபோது சேலத்துக்குப் போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“இருதயம் இன்னும் கெட்டுப்போகல. ஆனா அதை மூட்டை தூக்க வெச்சிருக்கீங்க. சுருட்டை விடுங்க. நெய்யைக் குறைங்க. ஊறுகாய், கருவாடு, உப்பு எல்லாம் கொஞ்சம்தான். தினம் நடங்க. மூச்சு வாங்கினா உட்காருங்க, அப்புறம் நடங்க.”

“நடந்தா எனக்கு அது வராதுங்களா?”

“வராதுன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். வர்ற வழி குறையும்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி சின்னக்கா சுருட்டுக் கட்டை அடுப்பில் போட்டாள். அடுப்படி மணத்தது. தீர்த்தகிரி கண்ணை மூடி நின்று ஆழமாக மூச்சு இழுத்தார்.

“ஏனுங்க, அதையும் வுடறதில்லையா?”

மறுநாளிலிருந்து கேழ்வரகுக் களி, கீரை, கொள்ளு ரசம். புறங்கை நெய்யை மோந்து முடித்ததும் கீழே நீட்டிவிடுவார். வீட்டுச் செவலை நாய் நக்கிக்கொள்ளும்.

நடக்கத்தான் மனம் வரவில்லை. டின் கணக்கில் நெய் விற்கிறவன் ரோட்டில் நடந்தால் மரியாதை என்ன ஆவது? யுத்தம்தான் அவரை இறக்கிவிட்டது. பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டிக் கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் ஓடும். கணவாய் அடிவாரத்தில் நாலு தடவை இருமிவிட்டு நின்றுவிடும்.

“எல்லாரும் எறங்குங்க! தள்ளுங்க!” என்பான் கண்டக்டர் சவரி.

“எனக்கு டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்காரு. தள்ளச் சொல்லல.”

“அப்ப உங்க டின்னு ஒக்காந்து போவட்டும். நீங்க நடந்து வாங்க நெய்க்காரரே.”

உச்சி வரை ரோட்டோரம் ஏழு பர்லாங்குக் கல், மைலுக்கு எட்டு வீதம். முதல் நாள் ஏழிலும் உட்கார்ந்தார். அதே பஸ்ஸில் வந்த கூடைக்காரி செல்லி ஐந்தாவது கல்லருகே வந்து நின்றாள்.

“என்னாங்க, கல்லையெல்லாம் அடைகாக்கறீங்க? குஞ்சு பொரிச்சா எனக்கொண்ணு குடுங்க.”

பஸ்ஸைத் தள்ளியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தீர்த்தகிரி மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து அடுத்த கல்லுக்கு நடந்தார்.

ஆனாலும் வாரம் மூன்று நாள் கணவாய் அவரை விடவில்லை. பங்குனியில் உட்காரும் கல் ஐந்தாகக் குறைந்தது. சித்திரையில் நாலு. நாற்பத்தெட்டும் பிறந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ, அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“உங்க வயிறு எங்க போச்சுன்னு தேடினேன்,” என்றாள் சின்னக்கா. “நாய்கிட்ட இருக்குது.”

செவலை உருண்டையாகிவிட்டிருந்தது. அதையும் கணவாய்க்குக் கூட்டிப் போனார். அவர் உட்காராமல் விட்ட கல்லுக்கெல்லாம் அது உட்கார்ந்தது.

ஆடி பிறந்தது. சின்னக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவர் புரண்டு படுத்தால்கூட எழுந்து பார்த்தாள். ஆடி பதினெட்டுக்கு அடுத்த நாள், மூன்றாவது கல்லைத் தாண்டும்போது தீர்த்தகிரி சட்டென்று நின்று நெஞ்சில் கை வைத்தார். பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சவரி வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டைக் கல் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

“என்னாச்சுங்க?”

“சத்தம் போடாத.” உள்ளே தட்டிக்கொண்டிருந்தது. கனமாக இல்லை. ஒரே சீராக, வேலைக்காரன் வேலை செய்வதுபோல. “ஒண்ணுமில்லடா. ஓடுதான்னு பாத்தேன். உன் வண்டியைவிட நல்லா ஓடுது.”

“எங்க உசுர எடுக்கறீங்களே!” என்று செல்லி கூடையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று மீதி நாலு கல்லையும் உட்காராமல் கடந்தார். ஆடி போயிற்று. சித்திரை வந்தது. குடும்பத்தில் நாற்பத்தொன்பதைப் பார்த்த முதல் ஆம்பிளை. சின்னக்கா களியில் ஒரே ஒரு சொட்டு நெய் விட்டாள்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பிற்று. அடுப்பைக் கழற்றிய பஸ், அடிவாரத்தில் இருமாமல் கணவாயைப் பார்த்து மூக்கை நிமிர்த்தியது.

“நிறுத்தப்பா!” என்றார் தீர்த்தகிரி.

“இப்ப ஏறுமுங்க!” என்றான் சவரி.

“ஏறட்டும். நான் எறங்கறேன்.”

அவர் இறங்கினார். நாயும் குதித்தது. நெய்க்காரர் இறங்கியதைப் பார்த்ததும் செல்லி இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் மளமளவென்று இறங்கி, மூன்று வருடப் பழக்கத்தில் பஸ்ஸின் முதுகில் கை வைத்து “ஏலேலோ” என்று தள்ளினார்கள். பஸ் பாய்ந்தது. தள்ளியவர்கள் கும்பலாக ரோட்டில் விழுந்தார்கள். டிரைவரைத் தவிர யாருமில்லாத வண்டியில் சவரி தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே போனான்.

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்ததில் மூச்சு வாங்கி முதல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“பாருங்க, மறுபடி அடைக்கு ஒக்காந்துட்டாரு!” என்றாள் செல்லி, புழுதியைத் தட்டிக்கொண்டே.