என் குறைக்கு அவளின் பெயர்

திருமணமாகிப் பத்து வருடங்களாக என் மனைவியைத்தான் பரிசோதித்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். கருக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்த அன்று பஸ்ஸில் இருக்க முடியாமல், கம்பியைப் பிடித்தபடி எங்கள் ஊர் மானிப்பாய் வரை நின்றுகொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். கீரிமலைக் கேணியில் முழுகி ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றினாள். அவ்வளவு காலத்திலும் என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நான் கூச்சக்காரன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் எனக்கு வசதியாகவும் இருந்தது.

பதினோராம் வருடம் கிளினிக்குக்கு ஒரு புது வைத்தியர் வந்தார். மனைவியின் கோப்பைக் கடைசி வரை புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கடை ரிப்போட் எங்கை?"

"எனக்கு ஒண்டும் இல்லை, டொக்டர்."

"ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான்.

"மீசை இருக்கு, மூட்டை தூக்கிறன் எண்டால் எல்லாம் சரியெண்டு அர்த்தமில்லை. இது முதல் முதல் செய்திருக்க வேண்டிய சோதனை."

மூன்று நாள் மனைவியோடு சேராமல் இருந்து, ஒரு சின்னப் போத்தலில் விந்தை எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஊசியில்லை, வலியில்லை. இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் அவளை அத்தனை பரிசோதனைக் கட்டிலிலும் ஏற்றியிருக்கிறோமே என்று அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முதன்முதல் கோபம் வந்தது.

விந்தணுக்கள் குறைவு, இருப்பவையும் சரியாக நீந்தவில்லை என்று முடிவு வந்தது. வைத்தியர் என்னைச் சோதித்துப் பார்த்தார். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருப்பதாகச் சொன்னார்.

"சின்ன வயசிலை கூகைக்கட்டு, கன்னம் வீங்கிற வருத்தம், வந்ததோ? சிகரெட் குடிக்கிறனீங்களோ?"

"இல்லை."

"என்ன வேலை?"

"பேக்கரி. இருபத்தைஞ்சு வருசமாப் போறணை அடுப்பு வாசலிலைதான் நிக்கிறன்."

"அந்தச் சூடும் கூடாது. நாளத்துக்கு ஒரு ஒப்பரேசன் செய்யலாம். புது அணுக்கள் உருவாக மூண்டு மாசம் மட்டிலை செல்லும். பிறகு திரும்பச் சோதிப்பம். கட்டாயம் பிள்ளை வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

அந்த அறிக்கையையும் மனைவியின் கோப்புக்குள்ளேயே வைத்துத் தந்தார்கள். கிளினிக் அவள் பெயரில். எனக்கென்று ஒரு கோப்பு மட்டை கூட இல்லை.

அடுத்த கிழமை பண்டத்தரிப்பிலிருந்து அக்கா வந்தபோது கோப்பு மேசையில் கிடந்தது. திறந்து பார்த்திருக்கிறாள். மேலே மனைவியின் பெயர், உள்ளே சிவப்புக் கோடு போட்ட ஒரு வரி. அதற்கு மேல் வாசிக்க அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. "மச்சாளிலைதான் குறையாம், டொக்டரே எழுதிக் குடுத்திட்டார்" என்று ஒரு கிழமைக்குள் சொந்தமெல்லாம் கதைத்தது.

"நான் சொல்லட்டோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"விடுங்கோ. எனக்குப் பழகிப்போச்சு."

விட்டுவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதத்தில் அக்காவின் மகள் பெரிய பிள்ளையானாள். சாமத்திய வீட்டில் பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன் பெண்சாதியின் உரிமை. மனைவி அதற்கென்றே புதுச் சேலை கட்டி வந்தாள். கிணற்றடியில் செம்பை எடுக்கக் குனிந்தபோது அக்கா தடுத்தாள்.

"நீர் உதிலை இரும், மச்சாள். பிள்ளைகுட்டி உள்ள கை வார்த்தால்தான் பிள்ளைக்கு நல்லது."

மூன்று பிள்ளை பெற்ற ஒரு சின்னம்மா மகளின் கைக்குச் செம்பு போனது. பின்னால் நின்ற ஒருத்தி, "போறணைக்காரன் பாவம், விறகு ஈரமெண்டால் அவன் என்ன செய்யிறது!" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரிக்கப் பார்த்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நீ பாத்தது என்ரை ரிப்போட். அவளிலை ஒரு பிழையும் இல்லை. குறை என்னிலை."

"தம்பி! சபையிலை உதெல்லாம் கதைக்கிறதே? வெக்கமில்லையோ உனக்கு?"

"பதினொரு வருசமா அவளைப் பற்றிக் கதைக்கேக்கை உங்களிலை ஆருக்கு வெக்கம் இருந்தது?"

வீடியோக்காரன் கமராவைக் கீழே இறக்கினான். அக்கா செம்பை வாங்கி மனைவியிடம் நீட்டினாள்.

"சரி, இந்தாரும். நீரே ஊத்தும்."

மனைவி கையை நீட்டவில்லை.

"குறை அவரிலை எண்ட உடனை என்ரை கை நல்லதாப் போச்சோ, மச்சாள்? என்னிலை இருந்திருந்தால் அது கூடாத கைதானோ?"

சொல்லிவிட்டுப் பந்தலைக் கடந்து றோட்டுக்குப் போனாள். பின்னால் ஓடினேன். பஸ் வரும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னாள்:

"எனக்காகச் சொன்னதெண்டு நினைக்காதையுங்கோ. அக்கா ரிப்போட்டைப் பாத்த அண்டைக்கே சொல்லியிருந்தால், அது எனக்காக."



ஒப்பரேசன் செய்துகொண்டேன். போறணையை விட்டு மா பிசையும் பக்கம் மாறினேன். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது. பிள்ளை இன்னும் இல்லை.

ஆனால் என்னைப் பார்க்க வந்தவர்களின் அன்பைச் சொல்ல வேண்டும். முருங்கைக்காய் கொண்டு வந்தார்கள், நல்லெண்ணெய் கொண்டு வந்தார்கள். "பாவம், போறணைச் சூடு என்ன செய்யும்" என்று தோளைத் தட்டினார்கள். அதே குறை அவளில் என்று நினைத்த காலத்தில் மலடி என்ற வாய்கள்தான் அவை. என் கை பட்டால் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் பிசைந்த மாவில் சுட்ட பாணைத்தான் ஊரே சாப்பிடுகிறது.

அக்காவும் முட்டைக்கோப்பி அடித்துப் போத்தலில் கொண்டு வந்தாள்.

"குடி தம்பி, உடம்பு தேறும். மச்சாள் எங்கை?"

"உள்ளை."

"வரச்சொல்லன்."

"நீ போய்க் கதை. நீ அவளிட்டைக் கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்டு இருக்கு."

அக்கா அறை வாசலை ஒருதரம் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழும்பினாள்.