தும்பில் ஒட்டிய பாசி

கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மலைநாட்டில் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விலங்கியல் கேட்டேன், இடமில்லை என்றார்கள். கிழக்குக் கரையில், கடல்தண்ணீர் தேங்கும் களப்பொன்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கட்டும் கல்லைப் பற்றிப் படிக்க ஆள் தேவை என்றார் பேராசிரியர். வேறு யாரும் முன்வரவில்லை. அப்படித்தான் இதற்குள் வந்தேன், ஆசைப்பட்டு அல்ல.

கல்லை விட அதன்மேல் வழவழவென்று படிந்திருக்கும் பச்சைப் பாசிதான் முக்கியம். உயிர் அதில்தான் இருக்கிறது. மணலையும் சுண்ணாம்பையும் அது பிடித்துப் பிடித்து அடுக்க, கீழே கல்லாகிறது. இதை உம்மாவுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார். கெலிஓயாவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் தொங்கிப் போய்வந்து எனக்கே அலுத்துவிட்டிருந்தது. பெண் கேட்டு வந்தவர்களிடம் படிப்பு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லி உம்மாவும் களைத்துப்போயிருந்தார்.

வேலைநிறுத்தத்தில் ஆய்வுகூடம் பூட்டப்பட்டபோது, உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே கல்லை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அது செத்தால் என் ஆய்வும் செத்தது. குசினி ஜன்னலோரம் ஒரு பேசினில் களப்பு மணலும் கடல்தண்ணீரும் போட்டு அதில் வைத்தேன்.

அது நோன்புக்கு முந்திய வாரம். எங்கள் வீடுகளில் அந்த வாரம் அசையாமல் நிற்கிற எதையும் கழுவிவிடுவார்கள். நான் கண்டி டவுனுக்குப் போய்த் திரும்பியபோது கல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"வழுக்கிட்டு ஈந்திச்சி மகள். தும்பு போட்டு நல்லா தேச்சி வெச்சீக்கிறேன்," என்றார் உம்மா.

கத்தக்கூடத் தெம்பில்லாமல் கதிரையில் உட்கார்ந்தேன். அப்பாடா, இனிப் போகத் தேவையில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பயந்தேன். தேய்த்த தேங்காய்த் தும்பு சிங்க் ஓரத்தில் பச்சையாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டாரா என்று கேட்டேன். இல்லையாம். தும்பை எடுத்துப் பேசினில் போட்டேன். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை, குப்பையில் எறிய மனம் வரவில்லை.

பெருநாள் கழிந்து ஆய்வுகூடம் திறந்ததும் பேசினை அப்படியே அங்கே கொண்டுபோனேன். கல் மொட்டையாகவே இருந்தது. தும்பு நாரில் மட்டும் பச்சை படர்ந்து, அதில் மணல் ஒட்டத் தொடங்கியிருந்தது. பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்க வெகுநேரமானது. இதுவரை கட்டி முடிந்ததைத்தான் பார்த்தோம், தொடங்குவதை இப்போதுதான் பார்க்கிறோம், இதை வைத்து ஆரம்பத்திலிருந்து செய் என்றார். ஆரம்பத்திலிருந்து என்றதுமே உடம்பு சோர்ந்துபோயிற்று. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த நாரையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாளைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று முதல்முறையாக ஆசை வந்திருந்தது.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இன்னம் எத்தின வருசம்?"

தெரியாது என்றேன். உம்மா மூலையில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து, நார் நாராகப் பிய்த்து, அலசி, என் முன்னால் வைத்தார்.

"இவ்வளவு போதுமா மகள்?"