பாதியில் நின்ற வடை மாவு

பிள்ளைகளே, மயிலாப்பூரில் நான் மாவு அரைக்கும் கடை வைத்திருந்த காலம். ஒரு கல்யாண விருந்துக்கான வடை மாவு பாதி அரைபட்டபோது கரண்ட் போய்விட்டது. கிரைண்டர் வாங்கிய தெம்பில் ஆட்டுக்கல்லை விற்றிருந்தேன்.

இட்லி மாவுக்குக் காத்திருந்த இருவர் என் வாசலிலேயே வாதத்தை ஆரம்பித்தார்கள்.

“அணு உலை இன்னும் ரெண்டு கட்டினா கரண்ட் ஏன் போவுது?”

“அது வெடிச்சா நீ வந்து அள்ளுவியா, நைனா? காத்துல கரண்ட் எடுக்கிற காத்தாடி நட்டா போதும்.”

“காத்து நின்னுட்டா வாயால ஊதுவியா?”

எதிலிருந்து வந்தால் என்ன, நிற்காமல் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கல்யாண வீட்டுக்காரர் வந்தார். “வடையில்லாம எப்படிங்க இலை போடறது?” என்று கத்திவிட்டு, பாதி அரைபட்ட உளுந்தைப் பாத்திரத்தோடு தூக்கிப் போனார். அந்த வீட்டார் பிறகு என் கடைக்கு வரவேயில்லை.

வாதம் செய்த இருவரும் ஜெனரேட்டர் ஓடிய ஓட்டலுக்கு வடை தின்னப் போனார்கள்.